குடுவையில் மிச்சமிருப்பவர்

நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல மாட்டேன், எழுதித்தான் அனுப்புவேன் என்றேன். உனக்கு அது பிடிக்கவில்லை என்பது நீ மூச்சு விட்டதிலேயே தெரிந்தது. உன் அப்பாவின் உடம்பில் மிச்சமிருப்பதை வைத்திருப்பதா, முடித்துவிடுவதா என்பது கையில் கரண்டியோடு நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. என்னைப் படிக்கவைத்த கன்னியாஸ்திரீகள், யோசிக்காமல் பேசுகிறவளும் முகம் கழுவாமல் வெளியே வருகிறவளும் ஒன்றுதான் என்பார்கள். இத்தனை வயதுக்குப் பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வதற்கில்லை. இந்தக் கடிதத்தை வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை, காப்பாற்றவும் ஒன்றுமில்லை.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். உன் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். மாதக் கடைசியில் உங்கள் ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள். உன் அப்பாவின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்து, அவர் இறந்த பிறகும் நீ வளர்த்துவரும் புற்றுச் செல்களுக்கு இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. ஒன்று, செல் வங்கிக்குக் கொடுத்துவிடுவது. அங்கே அவற்றைப் பெருக்கி, கேட்கிற ஆய்வகங்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு முடிவே கிடையாது. இன்னொன்று, குடுவையில் இருப்பதையும் உறைய வைத்திருப்பதையும் அங்கேயே முடித்துவிடுவது. அப்பா கையெழுத்திட்ட தாளில், தமக்குப் பிறகு குடும்பத்தார் முடிவு செய்யலாம் என்று இருக்கிறது. குடும்பம் என்றால் இப்போது நானும் நீயும்தான். "நீங்க சொல்றதுதான்மா" என்று சொல்லிவிட்டு நீ ஒதுங்கிக்கொண்டாய்.

அவர் கையெழுத்திட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். பெங்களூரில் உன் ஆய்வகத்தை ஒட்டிய மருத்துவமனையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கருப்பட்டித் தண்ணீர் நிறத்தில் ஒரு ஜாடி நிறைய அவருடைய நெஞ்சு நீர். "இத எதுக்குடா கேக்குற?" என்றார். நீ சொன்னாய்: "இதுல இருக்கிற செல்ல எடுத்து வளத்து, எந்த மருந்துக்குச் சாகுதுன்னு பாக்கலாம்ப்பா. மிச்சத்த உறைய வச்சிடுவோம்." உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. காரைக்கால்மேட்டில் ஐஸ் ஆலை வைத்து, மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் போட்டுக் கொடுத்தே உன்னைப் படிக்கவைத்தவர் அல்லவா? "எவ்ளோ குளிர்ல?" என்று கேட்டார். மைனஸ் நூற்றுத் தொண்ணூறு டிகிரி என்றாய். "அடப்பாவி, அப்ப நான் இத்தன வருஷமா வித்ததெல்லாம் வெந்நீராடா!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து உன்னைத்தான் திட்டினாள். மூச்சு வந்ததும் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "பட்டுனு உறைய வையி. மெதுவா உறைஞ்சா உள்ளுக்குள்ள ஊசி ஊசியாக் கட்டி சதையக் கிழிச்சுப்புடும். இறால நாங்க அப்படித்தான்..." நீ குறுக்கே புகுந்து, செல்லுக்கு இது தலைகீழ், மெதுவாக உறைய வைத்து, எடுக்கும்போதுதான் சட்டென்று எடுக்கவேண்டும் என்றாய். "என்னமோ போ, கடைசி நேரத்துல என் தொழிலையும் தப்புங்குற" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. போடுவதற்கு முன் அந்தத் தாளில் இருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அவர் உன்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவர் அந்தக் கட்டிலை விட்டு எழவில்லை. அரசலாறு கடலில் சேருமிடத்தில் அவரைக் கரைத்தோம். காரியம் முடிந்து நீ ரயில் ஏறினாய். சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம் உன்னிடமிருந்து போன் வந்தது. எடுத்த எடுப்பில், "அம்மா, பிடிச்சிக்கிச்சு" என்றாய். எது என்று கேட்டேன். "அப்பாவோட செல்லு. குடுவையோட தரையில நல்லா ஒட்டிப் பிடிச்சு வளருது." நாற்றங்காலில் விதை முளைத்ததைச் சொல்கிற குடியானவனைப் போல இருந்தது உன் குரல். அவரைக் கொன்ற நோய் நலமாக இருக்கிறது என்று ஒரு மகன் தாயிடம் சொல்கிறான். தாயும் "அப்படியா, நல்லது" என்கிறாள். அப்போது நம் இருவருக்கும் அது விபரீதமாகத் தோன்றவில்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவற்றுக்குத் தீனியாக ஊற்றும் சத்து நீரை மாற்ற வேண்டும் என்றாய். அன்றிலிருந்து, மாற்றி முடித்துக் கையுறையைக் கழற்றியதும் எனக்குப் போன் செய்வது உன் வழக்கமாயிற்று. "போட்டாச்சும்மா." "எப்படி இருக்கு?" "தரையில முக்காவாசி நிறைஞ்சிடுச்சு. அடுத்த தடவ ரெண்டாப் பிரிக்கணும்." "இடம் இருக்கா?" "இருக்கும்மா, இன்குபேட்டர்ல அவருக்குன்னு தனி அடுக்கே ஒதுக்கியிருக்கேன்." இப்படியே எத்தனை சாயங்காலங்கள். பொங்கலுக்கும் நீ வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. தீனி போட ஆளில்லை என்றாய். முதல் தெவசத்தன்று முகத்துவாரத்தில் தர்ப்பணம் செய்துவைக்க வந்த ஐயர், "பையன் வரலீங்களா?" என்று கேட்டார். "அவன் அங்கே அப்பாவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறான்" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உன் சித்தப்பா மகன் கையில் எள்ளைக் கொடுத்தார். நான் பொய் சொல்லவில்லையே.

அதற்கு முன் நாம் எப்படிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதையும் நீ மறந்திருக்க மாட்டாய். நீ அப்பாவுக்குத்தான் போன் செய்வாய். அவர் கூடத்தில் நடந்துகொண்டே, சிரித்துக்கொண்டே, ஐஸ் ஆலையில் எந்தப் படகுக்காரன் என்ன சொன்னான் என்பதுவரை பேசுவார். கடைசியில் போன் என் கைக்கு வரும். "சாப்பிட்டியா?" "ம்." "குரல் கம்மியிருக்கே?" "இல்லம்மா." "சரி, அப்பாகிட்டப் பேசு." விடுதியிலிருந்து நீ எழுதிய கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பியவள் நான். அதற்கு இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. இன்று நீ பிழையில்லாமல் எழுதுகிறாய். ஆனால் அதற்குப் பிறகு நீ எனக்குக் கடிதமே எழுதவில்லை. அப்பாவுக்கு எழுதினாய், அவர் எனக்குப் படித்துக் காட்டினார். நமக்கு நடுவில் அவர் நின்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தார். அவர் போனதும் அந்த இடத்தில் குடுவை வந்து உட்கார்ந்தது.

இரண்டாம் தெவசத்துக்கு அம்பகரத்தூர் அத்தை வந்திருந்தாளே, அந்த நாளைப் பற்றி உன்னிடம் பாதிதான் சொன்னேன். வந்து காலைக் கழுவியதும் கழுவாததுமாக, "ஏன் அண்ணி, அண்ணன அங்க வச்சு வளக்குறானாமே தம்பி?" என்று ஆரம்பித்துவிட்டாள். உன் அண்ணனை இல்லை, அவருக்கு வந்த நோயை என்றேன். "அது எப்படி இருக்கும்? துடிக்குமா?" என்றாள். துடிக்காது என்றேன். "நம்ம பேசுனா கேக்குமா?" "கேட்காது." "அப்ப அண்ணன்தான். உசுரோட இருந்தப்பயும் நான் சொன்னத எங்க கேட்டாரு!" என்று தானே சிரித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் நீ வீடியோவில் மைக்ராஸ்கோப்பை ஒட்டிய திரையைக் காட்டினாய். சாம்பல் நிறத்தில், பாய் பின்னியதுபோல் நெருக்கமாகக் கிடந்தன. அத்தை இரண்டு கைகளையும் கூப்பி, "அண்ணே" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொன்றதைக் கும்பிடுகிறாயே, உனக்கு அறிவில்லையா என்று கேட்டுவிட்டேன். நீ அங்கே போனை வைத்துவிட்டாய். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கொன்னா என்ன அண்ணி? அதுவும் அவரு உடம்புல பொறந்ததுதானே." அன்றுமுதல் அதற்கு மறுமொழி தேடிக்கொண்டிருக்கிறேன். 

பிறகு அந்த மருந்து வந்தது. நீ எனக்கு அதை விளக்கிய விதத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. எல்லாச் செல்லுக்குள்ளும் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் ஆயுதம் தயாராக இருக்கிறது. சாகும் நேரம் வந்தால் வெளியிலிருந்து எதுவும் வரவேண்டியதில்லை. அந்த ஆயுதத்தின் கையைப் பிடித்துத் தடுத்துக்கொண்டு ஒரு காவல் புரதம் நிற்கிறது. அப்பாவின் செல்களில் அந்தக் காவல் அளவுக்கு மீறி இருந்தது. அதனால்தான் எத்தனை பாட்டில் மருந்து ஏற்றியும் அவை சாகவில்லை. புதிய மருந்து செல்லை அடிப்பதில்லை. காவலைப் போய்க் கட்டிக்கொள்கிறது. தடுக்கிறவன் இல்லாமல் போனதும் உள்ளே இருந்த சாவு தன் வேலையைத் தானே செய்துகொள்கிறது. அது எப்படிச் சாகும் என்று கேட்டேன். சுருங்கும், மேலெல்லாம் கொப்புளம் விடும், தன்னைத் தானே சிறு சிறு பொட்டலமாகக் கட்டிக்கொள்ளும், ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாது, உடம்பாக இருந்தால் அக்கம்பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும் என்றாய். வாடகை வீட்டைப் பெருக்கித் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். உன் அறிவியலில் எனக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான்.

நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, தீனி போடும் நாள்கூட இல்லை. "அம்மா, செத்துடுச்சும்மா! எல்லாம் செத்துடுச்சு!" என்றாய். இவ்வளவு சந்தோஷமாக உன் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தன. "யாருடா?" என்றேன். "அப்பாவோட செல்லும்மா. மருந்து வேல செஞ்சிடுச்சு. நேத்து போட்டேன், இன்னைக்குப் பாத்தா எல்லாம் தரையை விட்டுக் கழண்டு மிதக்குது." நான் அப்படியே அரிவாள்மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "எல்லாமா?" என்றேன். சின்னப் பிள்ளையைத் தேற்றுகிறதுபோல், "இன்னொரு குடுவ இருக்கும்மா. பயப்படாதீங்க" என்றாய். ஒருவர் எத்தனை தடவைதான் சாவார், தம்பி? எத்தனை தடவைதான் நீ என்னைத் தேற்றுவாய்?

அன்றே கேட்டேன், இது அவருக்கு அப்போது கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. நீ பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நல்ல செல்லுக்கும் அதே காவல்தான், உடம்புக்குள் போனால் எதைக் கட்டும், எதை விடும் என்று சொல்ல முடியாது, எலியிலேயே எதிர்பார்த்ததுபோல் நடக்கவில்லை என்றாய். "செல் வளக்குற தட்டுல சாவடிக்கிறது பெரிய விஷயமில்லம்மா. தட்டுல ப்ளீச் ஊத்தினாக்கூடத்தான் சாகும்." நான் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. உன் அப்பா அந்த ஒழுங்கில் போகவில்லை என்பது நமக்குத் தெரியும். கடைசி வாரத்தில் என்னை யார் என்று கேட்டார். படுக்கையை மாற்ற மாற்ற நனைந்துகொண்டே இருந்தது. ஒரு நாளும் ஐஸ் தண்ணீரைத் தொடாதவர், ஐஸ் வை ஐஸ் வை என்று உதட்டைக் காட்டினார். பெருக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை, சாவியைக் கொடுக்கவும் இல்லை.

இப்போது என் பதிலுக்கு வருகிறேன். அதற்கு முன், போன மழைக்காலத்தில் உன் இன்குபேட்டரில் பூஞ்சை வந்ததை நினைத்துப் பார். குடுவைகளையெல்லாம் கொட்டிவிட்டாய். உறைய வைத்திருந்த நைட்ரஜன் தொட்டியிலிருந்து புதிதாக எடுத்துப் போட்டது பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியவில்லை. அந்த நாட்களிலும் நீ கடமை தவறாமல் போன் செய்தாய். "மழையா?" என்றாய். "இல்ல" என்றேன். "அங்க?" "லேசா தூறுது."  பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்ததை இருவரும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த முறை உன் முதுகுவலியைப் பற்றிக் கேட்டேன், பரவாயில்லை என்றாய். நிமிர்ந்து உட்கார் என்றேன், சரி என்றாய். அதற்கடுத்த முறை நீ கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. செல் மறுபடி பிடித்துக்கொண்டது என்று நீ சொன்ன சாயங்காலம்தான் நாம் இருவரும் மூச்சு விட்டோம்.

நீ சொன்ன காவல் நமக்குள் எது என்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. அப்பா இருந்தவரை அவர். அவருக்குப் பிறகு குடுவை. நம் இருவருக்கும் நடுவில் முடிந்துபோக வேண்டியது எப்போதோ முடிந்திருக்கும். அந்த முடிவின் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது அந்தச் சாம்பல் நிறப் பாய்தான். அதை எடுத்துவிட்டால் புதிதாகச் சண்டை வராது, நீ என்னை வெறுக்கவும் மாட்டாய். அப்படி வெளியிலிருந்து எதுவும் வரவேண்டியதில்லை. இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

வங்கிக்குக் கொடுக்காதே. இதனால் யாராவது பிழைப்பார்களா என்று போன வாரம் உன்னைக் கேட்டேன். "தெரியலம்மா. இந்த மாதிரி அங்க நிறைய இருக்கு" என்றாய். நிச்சயம் ஒருவர் பிழைப்பார் என்று நீ சொல்லியிருந்தால், என் விருப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொடு என்றிருப்பேன். அப்படி நீ சொல்லவில்லை. எந்த ஊரிலோ ஒரு பெண் குடுவையின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு அவருக்குத் தீனி போடுவாள். ஒழுங்கான பெண்ணாகவே இருப்பாள். ஆனால் போட்டுவிட்டு யாருக்கும் போன் செய்ய மாட்டாள். அது எனக்கு வேண்டாம். அத்தை சொன்னதுதான் சரி. அது அவர் உடம்பில் பிறந்தது. அவரோடு போயிருக்க வேண்டியது, நம் வசதிக்காக இத்தனை நாள் காத்திருந்தது.

முடித்துவிடு. ஆனால் ப்ளீச் ஊற்றாதே. ஆய்வகத்தைக் காலி செய்கிற அவசரத்தில் எல்லாக் குடுவையிலும் ப்ளீச்சை ஊற்றிவிட்டுப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அப்படிச் செய்யாதே. உறைய வைத்திருப்பதையும் எடுத்து, கடைசி முறையாகத் தீனி போட்டு, தரையில் பிடிக்கவிட்டு, அதன் பிறகு உன் மருந்தைப் போடு. மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் நீயே உட்கார். சுருங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு, சிந்தாமல் போகட்டும். கட்டிலில் கிடைக்காதது தட்டிலாவது கிடைக்கட்டும். ஒரு குப்பியைக்கூட ஒளித்து வைக்காதே. உன்னை எனக்குத் தெரியும். யாராவது நண்பனுடைய நைட்ரஜன் தொட்டியில் ஓர் ஓரமாகச் செருகி வைக்கலாமா என்று யோசிப்பாய். வேண்டாம். "ஐஸ் ஒண்ணையும் காப்பாத்தாது, நாறுறதத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்" என்று படகுக்காரர்களிடம் உன் அப்பா சொல்வார், நீயும் கேட்டிருக்கிறாய்.

உனக்கு அடுத்த வேலை இன்னும் அமையவில்லை. அமைந்தாலும் அது எங்கோ இருக்கும். இங்கே வந்துவிடு என்று நான் கூப்பிடப் போவதில்லை. நீ வர மாட்டாய், வந்தால் இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் குக்கரைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஐஸ் ஆலை இருந்த இடத்தில் யாரோ கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள். அதை நீ பார்க்கவும் வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிடு. முதுகுக்கு டாக்டரைப் பார். சட்டையைத் தேய்த்துப் போடு. தேய்க்காத சட்டையோடு வேலை கேட்டுப் போகிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். அடுத்த தெவசத்துக்கு உன் சித்தப்பா மகனே எள் விடட்டும். அவனுக்கு மந்திரம் மனப்பாடமாகிவிட்டது.

எல்லாம் முடிந்ததும் ஒரு முறை போன் செய். சாயங்காலம், வழக்கமான நேரத்திலேயே செய். "முடிஞ்சிடுச்சும்மா" என்று சொல். நான் "சரி" என்பேன். அதற்குப் பிறகு உனக்குச் சொல்ல ஒன்றும் வராது. எதையாவது சொல்லவேண்டுமே என்று தேடுவாய். மழையா என்று கேட்பாய். கேட்க வேண்டாம். முன்பெல்லாம் அந்த இடத்தில் அப்பா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொள்வார். இப்போது வாங்குவதற்கு ஆளில்லை. யார் முதலில் வைப்பது என்று நீ சங்கடப்படவும் வேண்டாம். நானே வைத்துவிடுகிறேன்.

அம்மா